பழைய பிரிட்டிஷ் தூண்டில் இதழ்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

பழைய தூண்டில் இதழ்கள் விற்பனைக்கு வரும்போது முதலில் கண்ணை இழுப்பது தோல் முதுகும் பொன்னெழுத்துமாக இருக்கும் பைண்ட் தொகுதிகள்தான். அலமாரிக்கு அழகு, படிக்கிறவருக்குப் பாதி நஷ்டம். அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் உருவிப் போட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் தைத்து, ஓரத்தையும் சீவிவிடுவது அந்தக் கால பைண்டர்களின் வழக்கம். ஒரு ரீல் எந்த வருஷம் கடைக்கு வந்தது, பட்டுப்புழுக் குடலில் செய்த தூண்டில் நரம்பு எப்போது ஒதுங்கி நைலான் வந்தது என்பதையெல்லாம் காட்டிக்கொடுப்பது அந்த விளம்பரங்கள். ஒரே ஆண்டு இரண்டு வடிவிலும் கிடைத்தால், அழுக்காக இருந்தாலும் உதிரி இதழ்களையே எடுங்கள்.

இந்த வரிசையில் மூத்தது 'தி ஃபிஷிங் கெஸட்'. 1877இல் தொடங்கிய வார இதழ். 1927இல் இறக்கும்வரை ஆர். பி. மார்ஸ்டன் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து அதை வளர்த்தார். சங்கக் கூட்ட அறிக்கைகள் பக்கம் பக்கமாக வரும், தாண்டிப் போய்விடலாம். சரக்கு இருப்பது கடிதப் பகுதியில். அமெரிக்காவின் கேட்ஸ்கில் மலை ஓடைகளில் மீன்பிடித்த தியடோர் கார்டன் இதில் எழுதியவர். 1890இல் இங்கிலாந்தின் எஃப். எம். ஹால்ஃபோர்ட் தன் ட்ரை ஃப்ளை (நீரின்மேல் மிதக்கும் ஈ) மாதிரிகளை அவருக்கு அனுப்பிவைத்தார். அவை தெற்கு இங்கிலாந்தின் மெதுவாக ஓடும் தெளிந்த சுண்ணாம்புப் படுகை ஆறுகளுக்காகக் கட்டிய செயற்கை ஈக்கள். கேட்ஸ்கில்லின் வேகமான நீரும் அங்குள்ள பூச்சிகளும் வேறு. அதற்கேற்ப கார்டன் அவற்றை மாற்றிக் கட்டினார். அமெரிக்க ட்ரை ஃப்ளையின் கதை தொடங்குவது இந்தக் கடிதப் போக்குவரத்தில்தான்.

பட்டியலில் தெரிந்த பெயர் இல்லை என்று ஓர் இதழை ஒதுக்கிவிட வேண்டாம். பலர் புனைபெயரில் எழுதினார்கள். 'தி ஃபீல்ட்' இதழின் 'டிடாச்ட் பேட்ஜர்' ஹால்ஃபோர்ட்தான். ஜி. ஈ. எம். ஸ்க்யூஸ் 'வால் கான்சன்' என்றும் 'சீஃபோர்த் அண்ட் சோஃபோர்த்' என்றும் கையெழுத்திட்டவர். ஈ நீரின்மேல் மிதந்தே வர வேண்டும் என்பது ஹால்ஃபோர்ட் கட்சி. மேலே வருமுன் நீருக்குள்ளேயே மீன் தின்னும் நிம்ஃபை, அதாவது பூச்சியின் இளம்பருவத்தைப் போல ஏன் கட்டக்கூடாது என்பது ஸ்க்யூஸ் கேள்வி. விற்பவர்கள் பெரும்பாலும் இந்தப் புனைபெயர்களைக் கவனிப்பதில்லை, அது வாங்குபவருக்கு லாபம்.

'ஆங்கிளிங் டைம்ஸ்' வேறு ரகம். 1953இல் வந்த வாரச் செய்தித்தாள். தொடங்கியவர்களில் தூண்டில் எழுத்தாளர் பெர்னார்ட் வெனபில்ஸும் ஒருவர். ஆனால் இன்று அதைத் தேடி வாங்க வைப்பது ரிச்சர்ட் வாக்கரின் பத்திதான். 1952இல் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்ட் கார்ப் மீன் பிடித்துப் பிரிட்டிஷ் சாதனை படைத்தவர், தொழிலால் பொறியாளர். 'அனுபவத்தில் சொல்கிறேன்' என்று நழுவாமல் கோலின் வளைவு, நரம்பின் பலம், எடை என்று கணக்குப் போட்டு எழுதுவார். அவர் வடிவமைத்த 'ஆர்ல்ஸி பாம்' அதற்கு நல்ல உதாரணம்: பேரிக்காய் வடிவ ஈயம், மெலிந்த முனையில் பதித்த சுழலி. தூரமாகப் பறக்கும், எடை சுழன்றாலும் நரம்பு முறுக்கிக்கொள்ளாது. ஆழமான ஆர்ல்ஸி ஏரியில் பெரிய பெர்ச் மீனுக்காக உருவானது.

சங்கடம் தாளில் இருக்கிறது. மரக்கூழை அரைத்துச் செய்த மலிவுத் தாளில் லிக்னின் தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பேறும், அமிலம் ஊறி நொறுங்கும். இரண்டாக மடித்துக் கிடந்த இதழ் முதலில் விடுவது மடிப்பில். மேசையில் வைத்துப் பிரித்து, ஓர் ஓரத்தை லேசாக வளைத்துப் பாருங்கள், ஒடிந்தால் விட்டுவிடுங்கள். செலோடேப் ஒட்டிய பிரதியும் வேண்டாம். பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கியிருக்கும், அதை எடுக்க முடியாது.

1963இல் வெனபில்ஸ் ஆசிரியராக இருந்து கொண்டுவந்த 'க்ரீல்' மாத இதழைப் படிக்கும் சுகத்துக்காகவே வாங்கலாம். வழவழப்பான தாளில் அச்சான இதழ் எதுவானாலும் ஈரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். நனைந்து காய்ந்திருந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிடும், பிரித்தால் படம் உரிந்து வரும். வாங்குமுன் எல்லாப் பக்கங்களையும் விசிறிப் பார்ப்பது அவசியம்.

படித்ததை ஆற்றங்கரையில் செய்து பார்ப்பவர்கள் அளவுகளில்தான் தடுமாறுகிறார்கள். ஹால்ஃபோர்ட் காலக் கட்டுரையில் தூண்டில் முள் அளவு 0, 00, 000 என்று வந்தால் அவை இன்றைய எண்களில் முறையே 15, 16, 17. நரம்புக்கு 4எக்ஸ் என்றால் 11இலிருந்து 4ஐக் கழியுங்கள்: அங்குலத்தில் ஆயிரத்தில் 7 பங்கு தடிமன். தடிமன் கணக்கு இன்றும் அதேதான். பலம் மட்டும் அப்படியில்லை. அதே தடிமனில் இன்றைய நைலான் பழைய குடல் நரம்பைவிட வெகு பலமானது, குடல் நரம்பைப் போல முன்கூட்டி ஊறவைக்கவும் தேவையில்லை. ஈயை வீச உதவும் பட்டு லைனுக்குத் தடிமன் குறியாக எச்டிஎச் என்று போட்டிருந்தால் இன்றைய இருமுனை மெலிவு 6ஆம் எண் லைன் ஏறக்குறைய பொருந்தும். எச்சிஎச் என்றால் 7.

எடை விஷயத்தில் பழைய கட்டுரையை அப்படியே பின்பற்றினால் சட்டச் சிக்கல். ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால், 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈய எடைகளை விற்க 1987 முதல் பிரிட்டனில் தடை. வாக்கர் சொல்லும் அரை அவுன்ஸ் ஆர்ல்ஸி பாம் 14 கிராம்தான், ஈயத்தில் என்றால் தடைக்குள் வரும். ஈயமில்லாத உலோகத்தில் செய்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். மீன்பிடிப் பருவம் தொடங்கும் 'ஜூன் 16 திறப்பு நாள்' என்ற பரபரப்பும் பெரும்பாலான குளம், ஏரிகளுக்கு இப்போது பொருந்தாது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை மூடல் காலம் தொடர்கிறது.

வாங்கியதை நிற்க வைக்காமல் படுக்கையாக அடுக்குங்கள். உறை பாலியெஸ்டரில் இருக்கட்டும். பிவிசி உறை நாளடைவில் மையை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். பின்னால் தாங்க அமிலமில்லாத அட்டை. துருப்பிடித்த ஸ்டேப்பிளை வெளியிலிருந்து இழுக்காமல், நடுப்பக்கத்தைத் திறந்து உள்கால்களை நிமிர்த்தி எடுத்து, அதே துளைகளில் லினன் நூலால் தைத்துவிடலாம்.

எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். கெஸட்டில் இந்த வாரம் எழுந்த கேள்விக்குப் பதிலும் மறுப்பும் அடுத்தடுத்த வாரங்களில்தான் வரும். சிதறிய ஐம்பது இதழ்களைவிடத் தொடர்ச்சியான மூன்று மாதம், அதாவது பதின்மூன்று இதழ்கள், கூடுதல் விலை கொடுத்து வாங்கத் தகும்.