ஆம்னி வேனுக்கு உதிரிபாகம்: ஜே.சி. ரோட்டில் ஓராண்டு வாங்கியதும் பொருத்தியதும்

பெங்களூர் அல்சூரில் சோமேசுவரர் கோயிலை ஒட்டிய தெருவில் அம்மா நடத்தும் பூக்கடைக்கு, 2014-இல் வாங்கிய ஆம்னி கார்கோ வேன்தான் இன்றும் கூடை சுமக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போய், மல்லியும் செவ்வந்தியும் சம்பங்கியும் ஏற்றிக்கொண்டு ஆறு மணிக்குள் கடைக்குத் திரும்பியாக வேண்டும். 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 1988 முதல் ஆம்னி என்று பெயர் மாறிய இந்த வண்டியின் உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சின்ன வேலைக்குக்கூட ஒர்க்‌ஷாப்பில் இரண்டு மூன்று நாள் வண்டியை விட வேண்டியிருந்தது. அந்த நாள்களில் ஆட்டோவில் வரும் பூ பாதி நசுங்கித்தான் கடைக்கு வந்து சேரும். ஆகவே சென்ற ஓராண்டாக, பிரேக் தவிர்த்த வேலைகளில் பெரும்பாலானவற்றை விடுமுறை நாள்களில் நானே செய்துவருகிறேன். அதற்கு வேண்டிய பொருள்கள் அனைத்தையும் ஜே.சி. ரோட்டில்தான் வாங்கினேன். அந்தக் கடைத்தெருவைப் பற்றியும், அங்கே வாங்கிப் பொருத்திய மூன்று பொருள்களைப் பற்றியும் என் மதிப்பீட்டை எழுதுகிறேன்.

டவுன் ஹால் பக்கத்திலிருந்து மினர்வா சர்க்கிள் வரை நீளும் ஜெயசாமராஜேந்திர சாலையைப் பெங்களூரில் யாரும் முழுப்பெயரில் சொல்வதில்லை. ரவீந்திர கலாக்ஷேத்ராவைத் தாண்டி நடந்தால் சீட் கவர், கண்ணாடி, பம்பர், மியூசிக் சிஸ்டம் என்று முகப்பில் பளபளக்கும் கடைகள்தான் முதலில் கண்ணில் படும். பராமரிப்புக்கு வேண்டிய கடைகள் பெரும்பாலும் சந்துகளுக்குள்ளும் மாடிகளிலும் இருக்கின்றன. அவற்றில் கண்ணைக் கவரும் காட்சி எதுவும் இருக்காது, கூரைவரை அடுக்கிய அட்டைப்பெட்டிகளும் ஒரு கவுண்டரும் மட்டுமே இருக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டாம் என்பது என் உறுதியான யோசனை. நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போய்விடும். அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருப்பதால், நான் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வார நாளில் போவதே வழக்கம். மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். கன்னடமும் உருதுவும் இந்தியும் தமிழும் ஒரே கவுண்டரில் புழங்குகின்றன.

உற்பத்தி நின்ற வண்டிக்குப் பொருள் கிடைக்குமா என்ற அச்சத்தோடுதான் முதன்முறை போனேன். எஞ்சின் சம்பந்தப்பட்ட எந்தப் பொருளுக்கும் அங்கே தட்டுப்பாட்டை நான் காணவில்லை. ஆம்னியில் இருப்பது மாருதி 800 காரில் இருந்த அதே 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின் என்பதுதான் காரணம். எத்தனையோ லட்சம் வண்டிகளில் ஓடிய எஞ்சினுக்கு ஆயில் ஃபில்டரும் பிளக்கும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வேனுக்கே உரிய உடற்பாகங்களைத் தேடும்போதுதான் அலைச்சல் தொடங்குகிறது. கதவு ரோலர், கதவு ரப்பர், பின்கதவுத் தாழ் போன்றவற்றில் அசலும் நகலும் ஒரே அலமாரியில் கலந்து கிடக்கின்றன.

அதில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் நேர்ந்தது. ஆம்னியின் இழுவைக் கதவு மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று ரோலர்களில் ஓடுகிறது. கதவின் பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பதால் நடு ரோலர்தான் முதலில் தேய்கிறது. தேய்ந்தால் கதவின் பின்முனை தொங்கி, ஒவ்வொரு முறையும் தூக்கித் தள்ள வேண்டியதாகிவிடும். அறுபது வயதைத் தாண்டிய அம்மா இடது கையில் கூடையை வைத்துக்கொண்டு வலது தோளால் அந்தக் கதவைத் தள்ளுவதைப் பார்த்துத்தான் முதலில் அதை மாற்ற முடிவு செய்தேன். சாலையின் முகப்பிலேயே இருந்த ஒரு கடையில் 120 ரூபாய்க்கு ரோலர் கொடுத்தார்கள். ஒரிஜினல் என்று சொன்னார்கள். பில் கேட்டதற்கு, பில் போட்டால் விலை கூடும் என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். ஆறே வாரத்தில் அதன் நைலான் சக்கரம் பிளந்து, கதவு தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டது. திரும்பக் கொண்டு போனபோது, அது தங்கள் கடையில் வாங்கியதே இல்லை என்று சாதித்தார்கள். பில் இல்லாமல் என்ன பேச முடியும்?

இரண்டாம் முறை, சந்துக்குள் இருந்த ஒரு சிறிய கடைக்குப் போனேன். ஆம்பூர்த் தமிழ் பேசும் பெரியவர் ஒருவர் கவுண்டரில் இருந்தார். "பாய், ஆம்னி நடு ரோலர் வேணும்" என்றேன். "பழசைக் கொண்டாந்தியா தம்பி?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. உடைந்ததை எடுத்துக் கொடுத்ததும் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து இரண்டு ரோலர்களைக் கொண்டுவந்து கண்ணாடி மேல் வைத்தார். ஒன்றின் சக்கரத்தை நகத்தால் சுண்டினார். காற்றாடி போல வெகுநேரம் சுற்றியது. மற்றதைச் சுண்டினார், ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றாமல் நின்றுவிட்டது. வேகமாகச் சுற்றியதே நல்லது என்று எண்ணி நான் கை நீட்டினேன். அவர் அதைத் தடுத்து, மறுபடியும் சுண்டி என் காதருகே பிடித்தார். கரகரவென்ற ஒலி கேட்டது. "உள்ள கிரீஸே இல்ல, அதான் இந்த ஓட்டம். இது மண்ணைத் தின்னும். அது நின்னுபோகுதுன்னா உள்ள கிரீஸ் நெறஞ்சி, சீல் இறுக்கமா இருக்குன்னு அர்த்தம்" என்றார். இரண்டாவது ரோலரை 380 ரூபாய்க்கு, ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்கினேன். ஒன்பது மாதமாக ஒரு பழுதும் இல்லாமல் ஓடுகிறது.

இதை வீட்டிலேயே மாற்ற விரும்புபவர்களுக்கு ஒரு சொல். துருப்பிடித்த போல்ட்டில் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிடுங்கள். பழைய பிராக்கெட் இருக்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்ட பிறகே போல்ட்டைத் தளர்த்துங்கள். அந்தக் கோடு இல்லையென்றால் கதவைத் தாழில் சரியாக உட்கார வைப்பதற்குள் பொழுது போய்விடும். கதவைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது முகப்பு விளக்குக்கான ரிலே வயரிங் செட். ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சு. இந்த ஓராண்டில் வாங்கியவற்றுள் கொடுத்த காசுக்கு அதிகப் பயன் தந்த பொருள் இதுதான். என் வேனில் இருப்பது 60/55 வாட் எச்4 ஹாலஜன் பல்பு. விடியலுக்கு முன் ஓட்டும்போது வேகத்தடை கண்ணுக்குத் தெரியாமல் கூடைகள் கவிழ்ந்த நாள்கள் உண்டு. பல்பை மாற்றிப் பார்த்தும் பயனில்லாமல் போகவே, மின்னழுத்தம் அளக்கும் மல்ட்டிமீட்டரை வைத்து அளந்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 வோல்ட் இருக்க, பல்பின் சாக்கெட்டில் 11.6 வோல்ட்தான் இருந்தது. இரண்டு பல்புக்கும் போகும் ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டம் முழுவதும் பழைய மெல்லிய வயரிலும் ஸ்டியரிங் அருகேயுள்ள தேய்ந்த சுவிட்சிலும் நுழைந்து வருவதால், வழியிலேயே மின்னழுத்தம் இறங்கிவிடுகிறது. இதைச் சின்ன இழப்பாக எண்ணிவிடக் கூடாது. ஹாலஜன் பல்பில் 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும்.

ரிலே செட்டின் வேலை எளிமையானது. பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கு வருகிறது; 87-ஆம் முனையிலிருந்து நேராகப் பல்புக்குப் போகிறது. பழைய சாக்கெட்டில் வரும் மின்சாரம் 85, 86 முனைகளில் உள்ள சுருளை இயக்குவதோடு நின்றுவிடுவதால், சுவிட்சின் மீதிருந்த சுமை அகன்றுவிடுகிறது. நான் வாங்கிய செட்டின் விலை 900 ரூபாய். ரிலேக்களும் சாக்கெட்டும் தரமாகவே இருந்தன. ஆனால் அது பானெட்டுக்குள் பேட்டரி உள்ள கார்களுக்கென்று செய்யப்பட்டது. பானெட்டே இல்லாத ஆம்னியில் வயரின் நீளம் போதவில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைத் தனியாக வாங்கி நீட்ட வேண்டியிருந்தது. அதோடு, உங்கள் வண்டியின் சுவிட்சு பாசிட்டிவைத் துண்டிக்கிறதா, எர்த்தைத் துண்டிக்கிறதா என்று மல்ட்டிமீட்டரால் பார்த்துவிட்டு அதற்கேற்ற செட்டைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் இதைக் கேட்கமாட்டார். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகே இருக்க வேண்டும் என்பதில் சமரசமே கூடாது. ஃபியூஸ் இல்லாத நீண்ட வயர் உரசி எர்த் ஆனால் வண்டி தீப்பிடிக்கும். வேலை முடிந்து அளந்தபோது சாக்கெட்டில் 13.3 வோல்ட் இருந்தது. மறுநாள் காலை, அல்சூர் ஏரிக்கரை ஓரம் போகும்போது, "புது லைட்டா போட்ட?" என்று அம்மா கேட்டார். பல்பு பழையதேதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. விளக்கு வெளிச்சம் போதவில்லை என்று சொன்ன உடனே ஜே.சி. ரோட்டின் பாதிக் கடைகள் வெள்ளை எல்.ஈ.டி. பல்பை நீட்டும். ஹாலஜனுக்கென்று வடிவமைத்த பிரதிபலிப்பானில் அதை மாட்டினால் ஒளி சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும்போதும் சிக்கல்தான். எட்டு ஆண்டைத் தாண்டிய மஞ்சள் போர்டு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பதால் எனக்கு இது வெறும் கொள்கைப் பிரச்சினை அன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. மேம்படுத்த நினைப்பவர்கள் அந்த எல்லைக்குள் நின்றுகொள்வது நல்லது.

மூன்றாவது பொருள், அதிர்வு தணிக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட். இதில் எனக்குப் பாதித் திருப்திதான். ஆம்னியின் எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் சூடும் சத்தமும் உள்ளே வருகின்றன. வெயிலேறிய பின் திரும்பினால் முன்வரிசைக் கூடைகளில் மல்லி வதங்கிவிடுகிறது. அலுமினியத் தாள் ஒட்டிய 2 மி.மீ. ஷீட்டைத் தரையில் ஒட்டியதும் தகரத்தின் அதிர்வொலி நன்றாகவே அடங்கியது. சூடு அவ்வளவாகக் குறையவில்லை. பியூட்டைல் அதிர்வுக்கானது, சூட்டுக்கு மூடிய துளைகள் கொண்ட ரப்பர் ஃபோம் வேண்டும் என்ற வேறுபாட்டை விற்றவர் சொல்லவில்லை. நானும் பிறகுதான் அறிந்தேன். அதன் மேல் 10 மி.மீ. ஃபோம் போட்ட பிறகு, ஈரச்சாக்கு போர்த்திய கூடைகள் வாடாமல் வருகின்றன. மலிவாகக் கிடைக்கும் தார் ஷீட்டை எஞ்சின் அருகே ஒட்டவே ஒட்டாதீர்கள். சூட்டில் இளகி, வண்டி முழுக்கத் தார் நாற்றம் அடிக்கும். ஒட்டும் முன் தரையைச் சுரண்டிப் பார்ப்பது மிக முக்கியம். பூக்கூடையிலிருந்து சொட்டிய நீரால் என் வேனின் தரை இரண்டு இடங்களில் துருவேறியிருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, இரண்டு நாள் காயவிட்ட பிறகே ஒட்டினேன்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான், முன்பு பலவற்றுக்கு 28 சதவீதம் இருந்தது. ஆகவே பில் இல்லாமல் வாங்கினால் மிச்சம் என்ற பேச்சில் இப்போது முன்புபோலப் பெரிய வேறுபாடு இல்லை, பில் இல்லாதவன் கதி என்ன என்பதையும் மேலே சொல்லிவிட்டேன். பேரம் பேச இடமுண்டு. ஆனால் பழைய பொருளையும் அதில் பொறித்த பார்ட் நம்பரையும் கையில் வைத்திருப்பவரிடம் முதல் விலையே ஓரளவு நியாயமாக வருவதைக் கவனித்திருக்கிறேன். மின்சாரப் பொருள்களைப் பெரும்பாலான கடைகளில் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. கடையிலேயே பேட்டரி வைத்து ரிலேயைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்; நல்ல கடைக்காரர் மறுப்பதில்லை.

கதவு ரோலருக்கு ஐந்துக்கு ஐந்து, ரிலே செட்டுக்கு நாலரை, ஷீட்டுக்கு மூன்று கொடுப்பேன். கடைத்தெருவுக்கு நான்கு. வேனின் வலப்பக்கக் கதவும் இப்போது தொங்கத் தொடங்கியிருக்கிறது; அதே பாயிடம் இன்னொரு நடு ரோலர் சொல்லி வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை வரும் என்றார்.