சென்னிமலைக்காரி பார்த்த டோக்குஷிமா நீலச்சாயப் பயிற்சி

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்கிறவர்கள் அரை நாளையாவது ஏதேனும் ஒரு கைத்தொழில் பயிற்சிக்கு ஒதுக்குவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. மண்பாண்டம் வனையலாம், கைக்காகிதம் செய்யலாம், துணிக்குச் சாயம் போடலாம். நான் நீலச்சாயத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் அப்பா. சென்னிமலையில் போர்வைக்கும் துண்டுக்கும் நூல் சாயம் போடும் பட்டறையில் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். சாயத்தைக் கரைக்கப் போடும் காஸ்டிக் சோடா பட்டு, ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தின் நெடி ஏறிய சட்டையோடுதான் மாலையில் வீடு திரும்புவார். ஆகவே சாயத்தொட்டி எனக்குப் புதிதன்று. அந்த ரசாயனங்கள் இல்லாமல் அதே வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க விரும்பினேன்.

இந்தப் பயணத்தில் இரண்டு பயிற்சிகளுக்குப் போனேன். முதலாவது ஒரு பெருநகரத்தின் சுற்றுலாக் கடைவீதியில் நடந்தது. நாற்பது நிமிடம், பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு கைக்குட்டை, கையில் நான்கு ரப்பர் வளையம். 'பாரம்பரிய முறையில் இயற்கை நீலம்' என்று வாசலில் எழுதியிருந்தது. பிளாஸ்டிக் பீப்பாயின் மூடியைத் திறந்ததும் வந்த நெடி, சிறு வயதிலிருந்து நான் அறிந்த ஹைட்ரோஸ் நெடி. நீலப்பொடி இலையிலிருந்து எடுத்ததாகவே இருந்திருக்கலாம். ஹைட்ரோஸ் போடுவதும் குற்றமன்று, உலகத்தின் நீலச்சாயப் பட்டறைகளில் பெரும்பாலானவை அதை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் பாரம்பரிய முறை என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு, தொட்டியில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் புன்னகையை மட்டும் பதிலாகத் தருவது எனக்கு வருத்தம் தந்தது. கைக்குட்டை அழகாகத்தான் வந்தது, ஆனால் அங்கே கற்றுக்கொண்டது ஏதுமில்லை.

இரண்டாவது பயிற்சியைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். அது ஷிக்கோக்கு தீவின் டோக்குஷிமா மாவட்டத்தில், அய்ஸுமி என்ற சிற்றூரில் ஒரு குடும்பம் நடத்தும் பட்டறை. ஒசாகாவிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகிறது. 1998-இல் திறக்கப்பட்ட ஆகாஷி தொங்குபாலத்தைத் தாண்டி, அவாஜி தீவைக் கடந்து, நருத்தோ நீரிணையின் மேலாகப் பேருந்து போகிறது. டோக்குஷிமாவின் பழைய பெயர் அவா. யொஷினோ ஆறு புயல் காலத்தில் கரைபுரண்டு வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும் நிலம் அது. நெல் விளைந்து வருவதற்குள் வெள்ளம் வந்து அழித்துவிடும் என்பதால், புயலுக்கு முன்பே அறுவடையாகிவிடும் நீலச்செடி அங்கே வேர் பிடித்தது. அது நம் அவுரி இல்லை, வேறு குடும்பத்தைச் சேர்ந்த செடி. ஆனால் இரண்டின் இலையிலிருந்தும் கிடைக்கும் நீலம் ஒன்றுதான்.

பட்டறைக்குப் போவதற்கு முன் காலையில் அதே ஊரிலுள்ள 'அய் நோ யக்காத்தா' என்ற அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுவது நல்லது. பழைய நீல வணிகர் குடும்பமொன்றின் மாளிகையை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். இலையை உலர்த்திய முற்றம், கிடங்குகள், பயன்படுத்திய கருவிகள் எல்லாம் இருக்கின்றன. நேரம் குறைவாக உள்ளவர்கள் அங்கேயே ஒரு கைக்குட்டைக்குச் சாயம் போட்டுக்கொள்ளவும் முடியும்.

நான் போன பட்டறையில் எங்களைச் சேர்த்து மொத்தம் நான்கு பேர்தான். ஒரு வேளைக்கு அதற்கு மேல் சேர்ப்பதில்லை என்றார் ஆசிரியர். அதிகம் பேர் துணியை முக்கினால் தாழி களைத்துப்போகும், பிறகு ஓர் இரவு ஓய்வு கொடுத்தால்தான் தெளியும் என்று காரணமும் சொன்னார். தரையில் கழுத்துவரை புதைத்த நான்கு பெரிய தாழிகள். அவற்றின் நடுவே ஒரு குழி, குளிர்காலத்தில் கனல் மூட்டி நான்கு தாழிகளையும் கதகதப்பாக வைத்திருப்பதற்காக. நீரின் மேல் செம்புத் தகடு போல ஓர் ஆடை, அதன் நடுவில் கருநீல நுரை குவிந்து நின்றது. அந்த நுரையை அவர்கள் 'நீலத்தின் பூ' என்கிறார்கள். பூ பூத்தால் தாழி தயார் என்று பொருள்.

அந்த நேரத்தில் சென்னிமலையில் காலை ஏழரை மணி. காணொலியில் அப்பாவை அழைத்துத் தாழியைக் காட்டினேன்.

"அம்மிணி, மேலால பாத்துச் சொல்லாத. உள்ளார தண்ணி என்ன நெறத்துல இருக்குது?" என்றார்.

ஆசிரியர் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு காட்டினார். "பழுப்பு மஞ்சளாத்தானுங்கப்பா இருக்குது. மேலதான் செம்பு மாதிரி ஆடை கட்டியிருக்குது."

"அப்படீன்னாத் தொட்டி உசுரோட இருக்குது. தைரியமாத் துணியப் போடு சாமி."

அப்பா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நீலம் நீரில் கரையாது. கரையாத சாயம் நூலுக்குள் புகாது. ஆக்சிஜனை நீக்கி அதை மஞ்சள் சாயல் கொண்ட வேறொரு நிலைக்குக் கொண்டுவந்தால்தான், காரத்தன்மையுள்ள நீரில் அது கரைந்து இழைக்குள் இறங்கும். துணியை வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு மறுபடி நீலமாகி, இழைக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். நம் பட்டறைகளில் இந்த வேலையைக் காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் சில நிமிடங்களில் செய்து முடிக்கின்றன. அங்கே காஸ்டிக்குக்குப் பதிலாக மரச்சாம்பலைக் கரைத்துத் தெளிந்த நீர். ஹைட்ரோஸுக்குப் பதிலாக நுண்ணுயிர்கள். கோதுமைத் தவிடும் அரிசி மதுவும் அவற்றுக்குத் தீனி, காரம் குறைந்தால் கிளிஞ்சல் சுண்ணாம்பு. நம் தென்னாட்டிலும் சுண்ணாம்பையும் தகரை விதையையும் சேர்த்து நீலத்தை நொதிக்க வைத்த காலம் இருந்தது. எங்கள் ஊரில் அதைச் செய்யத் தெரிந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இனி செய்முறை. கட்டணம் 4,400 யென், நம் பணத்தில் ஏறக்குறைய 2,500 ரூபாய். அதற்குள் ஒரு பருத்தி மேல்துண்டும் அடக்கம். துண்டை மடித்து, இரு பக்கமும் முக்கோணப் பலகை வைத்து இறுக்கிக் கட்டினேன். பலகை அழுத்திய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளை நிற்கும். மதுரைச் சுங்குடியில் நூலால் முடிச்சுப் போடுகிறோமே, நோக்கம் அதுவேதான். துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, காற்றுக் குமிழி புகாமல் மெதுவாகத் தாழிக்குள் இறக்க வேண்டும். அடியில் படிந்த வண்டலைத் தொடக் கூடாது. நீருக்குள்ளேயே ஒவ்வொரு மடிப்பாக விரல்களால் விரித்துக்கொடுத்து, ஒரு நிமிடம் கழித்து நீர்மட்டத்துக்குக் கீழேயே பிழிந்து, பிறகே வெளியே எடுக்க வேண்டும். எடுத்த கணத்தில் துணி மஞ்சளோடிய பழுப்பாக இருந்தது. கண்ணெதிரே பச்சையாகி, அந்தப் பச்சையும் ஓரங்களிலிருந்து நீலமாக மாறிக்கொண்டே வந்தது. ஆயிரம் முறை இதைப் பார்த்திருக்கும் ஆசிரியரே கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு முறை முக்கி எடுத்த வெளிர் நீலத்துக்கு அவர்கள் மொழியில் 'தாழியை எட்டிப் பார்த்தது' என்று பொருள்படும் பெயர் உண்டு. துணி தாழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்ததாம். அங்கிருந்து தொடங்கிக் கருநீலம் வரை ஒவ்வொரு படிக்கும் தனித்தனிப் பெயர். நான் எட்டு முறை முக்கினேன். ஒவ்வொரு முறையும் காற்றில் ஆறவிட்டு, நீரில் அலசி, மீண்டும் இறக்கினேன். கருநீலத்துக்கு இருபது முறைக்கு மேல் வேண்டும் என்பதால், இரண்டரை மணி நேரத்தில் அதை எதிர்பார்க்க முடியாது.

இந்தப் பயிற்சியின் உண்மையான மதிப்பு, முக்கி எடுப்பதில் இல்லை என்பது என் கருத்து. தாழிக்குள் போகும் 'சுக்குமோ' என்ற பொருளில்தான் அந்த ஊரின் உழைப்பெல்லாம் இருக்கிறது. கோடையில் அறுத்த இலையை நறுக்கி, வெயிலில் உலர்த்தி, தண்டை நீக்கி, செப்டம்பர் வாக்கில் கிடங்கில் குவித்து நீர் தெளிக்கிறார்கள். சில நாட்களுக்கு ஒரு முறை குவியல் முழுவதையும் புரட்டிப்போட்டு மறுபடி நீர் தெளிக்க வேண்டும். உள்ளே 60 டிகிரிக்கு மேல் சூடேறும். அம்மோனியா நெடியில் கண்ணைத் திறக்க முடியாது. சுமார் நூறு நாள் இப்படி மக்கிய பிறகு, டிசம்பரில் கறுப்பு மண் போலக் கிடைப்பதுதான் சுக்குமோ. உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நீர்விட்டுத் தேய்க்கச் சொன்னார். தேய்த்த பிறகுதான் கறுப்புக்குள் இருந்த நீலம் தெரிந்தது. மெய்ஜி மன்னர் காலத்தில் (1868–1912) இந்திய நீலக்கட்டி ஜப்பானில் இறக்குமதியாகி இவர்களுடைய வணிகத்தை அசைத்தது. 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு நம் அவுரியும் அவர்களுடைய செடியும் சேர்ந்தே வீழ்ந்தன. நாங்கள் இந்தியர்கள் என்று தெரிந்ததும், ஆசிரியர் இதைக் குறையாக அல்லாமல், உறவு சொல்வது போலச் சொன்னார்.

தீர்ந்துபோன தாழியின் நீரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சாம்பலும் தவிடும் சுண்ணாம்பும்தானே, வயலுக்கு விடுகிறோம் என்றார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பதில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் கட்டிய அணை, பாசனத்துக்கு உதவாமல் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, எத்தனையோ வீடுகளில் வாரக்கூலி நின்றது. நூறு நாள் மக்க வைத்த இலையைக் கொண்டு திருப்பூரின் ஒரு நாள் பனியனுக்குக்கூடச் சாயம் போட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சாயநீர் என்பது வயலுக்கு விடக்கூடிய நீராகவும் இருக்க முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தது எனக்குப் பெரிய விஷயம்.

குறைகளும் உண்டு. சுக்குமோவைப் பற்றிய விளக்கம் நான் கேட்டதால் கிடைத்ததே தவிர, பயிற்சியின் பகுதியாக அது இல்லை. கேட்காதவர்கள் அழகான துண்டோடு திரும்பிவிடுவார்கள். எல்லாம் ஜப்பானிய மொழியில்தான் நடக்கிறது. கைப்பேசியின் மொழிபெயர்ப்பு 'முக்கு', 'பிழி' என்பதற்குப் போதும், நொதித்தலைப் பற்றிப் பேசும்போது தடுமாறுகிறது. வாரக்கடைசி இடங்கள் விரைவில் நிரம்பிவிடுகின்றன. நாங்கள் போனது மே மாதக் கடைசி. வயலில் நாற்றைப் பார்த்தோம், குவியல் புரட்டுவதைப் பார்க்க முடியவில்லை. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் போக வேண்டும், முன்கூட்டியே எழுதிக் கேட்கவும் வேண்டும்.

முக்கியமான குறை ஒன்று: புதிதாகச் சாயம் போட்ட துணியில் சாம்பல் நீரின் பழுப்பு தங்கியிருக்கும், அதை வெந்நீரில் பல முறை ஊறவைத்து எடுக்க வேண்டும். அதற்குப் பயிற்சியில் நேரம் இல்லை. ஜப்பானிய மொழியில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து, ஈரத்துண்டைப் பையில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பயணத்தில் இருப்பவர்கள் விடுதிக் குளியலறையில் அதைச் செய்ய முற்பட்டால் வெள்ளைத் தொட்டி கறைபடலாம். நான் காயவைத்து மட்டும் எடுத்து வந்தேன்.

ஊருக்கு வந்ததும் அப்பாவே குண்டாவில் வெந்நீர் விட்டுத் துண்டை ஊறப்போட்டார். முதல் தண்ணீர் தேநீர் போல இறங்கியது, மூன்றாவது தண்ணீர் தெளிந்திருந்தது. நீலம் முன்பைவிட எடுப்பாகத் தெரிந்தது. நிழலில் காய்ந்த பிறகு ஒரு வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தார், ஒட்டவில்லை. அதையே நனைத்துத் தேய்த்தபோது லேசாக நீலம் பிடித்தது. பிறகு துண்டை வெளிச்சத்தில் விரித்து, ஒரு மடிப்பின் ஓரத்திலிருந்த வெளிறிய திட்டைக் காட்டினார். "இந்த எடத்துல காத்துப் பூந்திருக்குது, நீ அவசரப்பட்டு எறக்கியிருக்கிற. சாயம் நல்ல சாயம் அம்மிணி. மூணு தண்ணி வரைக்கும் தனியாத் தொவ."