பேட்டரி ஸ்பிரேயருக்குப் பணம் கட்டினோம், பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் வந்தது

நெல்லைப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர்கள் கண்ணில் இந்த விளம்பரம் கட்டாயம் பட்டிருக்கும்: முதுகில் மாட்டும் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர், பாதி விலை, இன்று மட்டும். களக்காட்டில் மாமாவுக்கு ஏத்தன் வாழை. இலைப்புள்ளி விழுந்தால் மருந்து அடித்தே தீர வேண்டும், கைப்பம்பு அடித்து அவருக்குத் தோள் போய்விட்டது. அவருக்காக என் டெபிட் கார்டில் 2,799 ரூபாய் கட்டி ஆர்டர் போட்டேன்.

வந்த பார்சல் ஒரு கையில் அடங்கியது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் பாட்டில், விரலால் அழுத்தினால் பீச்சுகிற வகை. “என்ன மருமவனே, இத வச்சு ஒரு எலைக்கு அடிச்சு முடிக்கதுக்குள்ள வாழை தார் தள்ளிரும்லா?” என்றார் மாமா. அவருக்குச் சிரிப்பு, எனக்கு எரிச்சல்.

இதில் உள்ள தந்திரம் லேசானதல்ல. எதுவுமே அனுப்பாவிட்டால் ‘பொருள் வரவில்லை’ என்று சொல்லிவிடலாம். ஏதோ ஒன்றை அனுப்பிவிட்டதால் கூரியர் கணக்கில் ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று பதிவாகிறது. கேட்டால் அதைத்தான் நீட்டுவார்கள்.

கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. போன் செய்தால் பாட்டு ஓடும். மெயிலுக்குத் தானாக ஒரு பதில் வரும். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், அப்புறம் ‘மூன்று வேலை நாளில் தீர்க்கப்படும்’ என்று ஒரு வரி. அந்த மூன்று நாள் முடிந்தால் மறுபடி ஒரு மூன்று நாள். இது சோம்பேறித்தனம் என்றுதான் முதலில் தோன்றும். இல்லை, கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்க ஒரு கெடு உண்டு. விசா, மாஸ்டர்கார்டு என்றால் பொதுவாக 120 நாள். ரூபே கார்டுக்குக் கெடு வேறு, வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கெடு தாண்டும்வரை உங்களைப் பேச்சிலேயே வைத்திருந்தால் அவர்களுக்குப் போதும். அதனால் அவர்களிடம் நியாயம் பேசி நாளைக் கழிக்காதீர்கள். ஒரு புகாரை எழுத்தில் அனுப்பி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, நேரே வங்கிக்குப் போங்கள். 2020-ல் வந்த இணைய வணிக விதிகளின்படி கடையின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்திலேயே போட்டிருக்க வேண்டும். இந்தக் கடையில் அப்படி ஒரு பெயரே இல்லை. அது இல்லை என்பதையும் படம் பிடித்து வைத்தேன்.

வங்கியில் என்ன சொன்னார்கள்? “ஓடிபி நீங்கதான சார் போட்டிருக்கீங்க, நாங்க என்ன செய்ய முடியும்?” நிறையப் பேர் இந்த இடத்தில்தான் திரும்பி வந்துவிடுகிறார்கள். கார்டில் இருந்து யாரோ பணத்தைத் திருடினால்தான் ஓடிபி பேச்சு வரும். நம் கேஸ் வேறு: பணத்தை நாம்தான் கட்டினோம், கட்டியதற்கு உரிய பொருள் வரவில்லை. இதற்கு சார்ஜ்பேக் என்று தனி வழி இருக்கிறது. “ஃபிராடு புகார் இல்லை சார், சார்ஜ்பேக் டிஸ்பியூட்” என்று சொன்ன பிறகுதான் படிவத்தைத் தேடி எடுத்தார்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலும், பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியில் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேனுக்குக் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம். யூபிஐயில் கட்டியவர்களுக்கு இந்த வழி இவ்வளவு சுலபமில்லை. தெரியாத கடைக்குக் கார்டில் கட்டுவது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

எங்களைக் காப்பாற்றியது பார்சல் மேல் ஒட்டியிருந்த லேபிள். அதில் எடை 300 கிராம் என்று அச்சாகியிருந்தது. பேட்டரியோடு சேர்த்து அந்த ஸ்பிரேயர் ஐந்து கிலோவாவது இருக்கும். அதற்கு மேல் வாதமே வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நடுவில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசினேன். தமிழிலேயே பேசலாம், புகார் எண் தருவார்கள். அவர்களால் கடைக்கு உத்தரவு போட முடியாது, கேட்டுச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் புகார் எண் பிறகு உதவும். அப்புறம், பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுத் தேடினேன். கடையின் தளத்தில் ஒரு பெயர், ஜிஎஸ்டி பதிவில் வேறு பெயர், கூடவே ஒரு முகவரி. அந்த முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பினேன்.

அது போய்ச் சேர்ந்ததும் ஊமைக்கு வாய் வந்துவிட்டது. முதலில் பாதிப் பணத்துக்குக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். பிறகு, “டிஸ்பியூட்டை வாபஸ் வாங்குங்க சார், இன்னைக்கே முழுசா போட்டுவிடுறோம்.” இதில் மட்டும் சிக்காதீர்கள். வாபஸ் வாங்கிய டிஸ்பியூட்டை மறுபடி எழுப்புவது பெரும்பாடு. பணம் கணக்கில் ஏறிய பிறகு வாபஸ் என்றேன். போனை வைத்துவிட்டார்கள். கடைசியில் பணம் வங்கி வழியாகத்தான் வந்தது, முழுசாக.

இன்னொன்று. கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடிக் கிடைக்கும் எண்ணுக்குப் போன் போடாதீர்கள். வள்ளியூரில் இருக்கும் என் சித்தப்பா மகனை அப்படி ஒருவன் திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்லி, ரீஃபண்டுக்கு யூபிஐ பின் போடுங்கள் என்றிருக்கிறான். நமக்குப் பணம் வர யூபிஐ பின் எதற்கு? அப்படி யாராவது பணத்தை இழந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குச் சொல்லுங்கள்.

வங்கியும் கைவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பொருளுக்குக் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. இ-ஜாக்ருதி தளம் வழியாக வீட்டில் இருந்தே தாக்கல் செய்யலாம்.

இந்த விளம்பரத்தைப் பார்த்து ஏற்கெனவே ஆர்டர் போட்டுக் காத்திருப்பவர்கள் பார்சல் வந்ததும் பிரிக்க வேண்டாம். முதலில் லேபிளில் இருக்கும் எடை தெரியும்படி போட்டோ எடுங்கள், அப்புறம் வீடியோ ஓடவிட்டுக்கொண்டே பிரியுங்கள். அட்டைப்பெட்டியை அடுப்பெரிக்கப் போட்டுவிடாதீர்கள்.