கன்னியா, சிப்பிப்பாறையா? நாலரை வருஷமும் 14 தையலும்

அக்கா மகன் ஃபோன் பண்ணிய நேரம் சரியில்லை. கால்நடை மருத்துவமனையிலிருந்து எங்கள் கன்னி நாய் சிட்டுவைத் தூக்கிவந்து அப்போதுதான் திண்ணையில் கிடத்தியிருந்தேன். இடது விலாவில் 14 தையல், மயக்கம் முழுசாகத் தெளியாமல் பாதிக் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். "மாமா, நாய் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். கன்னி வாங்கவா, சிப்பிப்பாறை வாங்கவா? உச்சிப்புளி மாமா வீட்டுச் சிப்பிப்பாறை மேல ஒரு கீறல்கூட இல்ல, உங்க கன்னிக்குத்தான் மாசம் ஒரு காயமா இருக்கு" என்றான். ஒரு நாயும் வேண்டாம் போடா என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. இரண்டு நாள் போனபிறகு மனசு கேட்காமல் இதை எழுதுகிறேன், இதே கேள்வியோடு இருக்கிற வேறு யாருக்காவது உதவட்டும்.

2021 தை மாதம் நானும் அந்த உச்சிப்புளி மச்சானும் பத்து நாள் இடைவெளியில் ஆளுக்கொரு குட்டி வாங்கினோம். எனக்குக் கருப்பில் செவலைக் காலும் புருவத்தில் இரண்டு பொட்டும் உள்ள கன்னி. அவருக்குச் சந்தன நிறச் சிப்பிப்பாறை. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி நிறத்தை மறந்துவிட்டுப் பார்த்தால் எது எது என்று எனக்கே சொல்ல வராது. அதே நீள மூக்கு, அதே ஒட்டிய வயிறு, அதே சாட்டை வால். நாய் இனங்களைப் பதிவு செய்கிற கென்னல் கிளப் இரண்டையும் தனித்தனி இனமாகத்தான் எழுதிக்கொள்கிறது, அதை மறுக்க நான் யார். ஆனால் சிட்டு பிறந்த ஈற்றில் தாய் கருப்பு, தகப்பன் சந்தனம், குட்டி ஆறில் நாலு கருப்பு, இரண்டு சந்தனம். அந்தச் சந்தனக் குட்டி இரண்டும் சிப்பிப்பாறை என்றுதான் வீட்டை விட்டுப் போயின. கரிசல் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கும் இது ஒரே நாய்தான், நிறத்துக்கு ஒரு பேர். அதனால் கன்னி சாது, சிப்பிப்பாறை முரடு, அது கெட்டி, இது மெலிவு என்றெல்லாம் யாராவது அடித்துச் சொன்னால் தாயைக் காட்டச் சொல்லுங்கள், பேச்சு நின்றுவிடும்.

ராஜபாளையம் ஏன் வாங்கவில்லை என்று கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். முழு வெள்ளை, ரோஸ் மூக்கு, நிழலே இல்லாத கடற்கரை வெயில், அது போக அந்த வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குக் காது கேளாமையும் சேர்ந்து வரும். எங்கள் ஊருக்கு அது ஒத்துவராது என்று முதலிலேயே விட்டுவிட்டோம்.

உண்மையான வித்தியாசம் நாயில் இல்லை, கொடுத்த ஆளில் இருந்தது. மச்சான் போனது நாய் வளர்த்து விற்கிற ஒரு கென்னலுக்கு. நெடுஞ்சாலை ஓரம், பெரிய போர்டு, வரிசையாகக் கூண்டு, ஒரு கூண்டில் லாப்ரடார், அடுத்ததில் பக், அதற்கடுத்து சிப்பிப்பாறை. விலை 14,000. தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் வைத்து, கென்னல் கிளப் பதிவுப் பேப்பரோடு தருகிறோம் என்றார்கள். தாயைப் பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். அது வேறு ஃபார்மில் இருக்கிறது சார் என்று பதில் வந்தது. குட்டிக்கு 35 நாள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளிலேயே இருக்கிறது, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் வளர்த்து விற்கக் கூடாது என்றும் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே அது தெரியாது. வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் குட்டி வாந்தி எடுத்து ரத்தமாகப் பேதி போனது. பார்வோ என்கிற வைரஸ் நோய். ஒன்பது நாள் டிரிப். மச்சான் வீட்டில் அக்கா ராத்திரி முழுக்கக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிழைத்ததே பெரிது. பேப்பர் வந்து சேர ஏழு மாதம் ஆனது.

அதே சமயம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அந்த ஒன்பது நாளும் கென்னல்காரர் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் ஃபோனை எடுத்தார், மருந்துச் செலவில் பாதியைத் தானாக அனுப்பினார். கெட்ட மனுஷன் இல்லை. தொழில் நடத்துகிற முறைதான் கெட்டது.

நான் போனது விளாத்திகுளம் தாண்டி உள்ளே ஒரு கிராமத்துக்கு. அங்கே ஒரு பெரியவர், ஆடு மேய்க்கிறவர், அவர் தகப்பனார் காலத்திலிருந்தே இந்த நாய்தான். வீட்டில் இரண்டே பெட்டை. போன உடனே குட்டியைக் காட்டவில்லை, முதலில் மோர் கொடுத்தார், அப்புறம் என்னைத்தான் கேள்வி கேட்டார். எந்த ஊரு, கட்டிப்போட்டு வளப்பீகளா, வீட்டுல பொம்பளையாளுக்குச் சம்மதமா, சுத்தி எவ்வளவு வெளி கெடக்கு. தாயைக் காட்டுங்கள் என்று நான் வாய் திறப்பதற்கு முன்பே அவிழ்த்துவிட்டார், கரிசல் வயலில் அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்ததும் நான் விலையே கேட்கவில்லை. 6,000 சொன்னார், கொடுத்தேன். ஆனால் அன்றைக்குக் குட்டி கிடைக்கவில்லை, 60 நாள் ஆகட்டும், பால்குடி மறக்கட்டும், அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டார். கன்னி என்ற பேரே கல்யாணமாகிப் போகிற பொண்ணோடு சீதனமாகக் கொடுத்துவிட்டதால் வந்தது என்பது அவர் சொன்ன கதை. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் கன்னி, சிப்பிப்பாறை பேரையெல்லாம் சொன்ன பிறகு கார் போட்டுக்கொண்டு ஆட்கள் வருவதாகவும், வந்தவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார். நம்புகிறேன்.

அவர்மேல் எனக்குக் கோபமும் உண்டு. குட்டிக்கு ஒரு தடுப்பூசி போடவில்லை, பூச்சி மருந்தும் கொடுக்கவில்லை. நாட்டு நாய்க்கு எதுக்குங்க ஊசி என்றார். கொண்டுவந்த அன்றைக்கே மருத்துவரிடம் காட்டினால் வயிறு முழுக்கப் பூச்சி. பார்வோவுக்கு நாட்டு நாய், சீமை நாய் என்றெல்லாம் தெரியாது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, அப்புறம் மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக பூஸ்டர், மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, இதில் சமரசமே கூடாது. சிட்டுவுக்கு ஒன்றும் ஆகாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

சரி, காயத்துக்கு வருகிறேன். மருமகன் கேட்டதற்குப் பதில் ஒரே வார்த்தை. சீமைக்கருவேலம்.

உச்சிப்புளியில் மச்சான் வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்பு, மெத்தை மாதிரி மணல். அவருடைய நாய் நாள் முழுக்க ஓடினாலும் உள்ளங்காலில் ஒட்டுவது மணல்தான். சாயல்குடிக்குத் தெற்கே எங்கள் பக்கம் அப்படியா இருக்கிறது? பனங்காட்டை விட்டு நாலு எட்டு வைத்தால் கருவேலம், கண்மாய்க்குள் கருவேலம், கடற்கரைக்குப் போகிற வண்டித்தடத்தின் இரண்டு பக்கமும் கருவேலம். வெட்டிக் கரிமூட்டம் போட்டுவிட்டுப் போன இடத்தில் முழங்கால் உயரக் கட்டைகள் ஈட்டி மாதிரி நிற்கும். செருப்பைத் துளைத்து, டயரைத் துளைத்து வருகிற முள் அது. கன்னி, சிப்பிப்பாறை மாதிரி ஓட்ட நாய்க்குத் தோல் காகிதம் மாதிரி, அடியில் கொழுப்பே கிடையாது. தெருவில் திரிகிற நாய் முள்ளுக்குள் பார்த்துப் பார்த்து நுழையும். இவள் ஒரு கீரிப்பிள்ளை அசைந்ததைப் பார்த்துவிட்டால் இடையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை, கண் இரைமேல் போனால் கூப்பிடுகிற குரல் காதில் ஏறாது. முந்தாநாள் விலாவில் கிழிந்தது அப்படித்தான். கட்டையில் உரசிய வேகத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் பிரிந்து தொங்கியது, ஓட்டத்தை முடித்துவிட்டுத்தான் திரும்பி வந்தாள், அப்போதும் வாலை ஆட்டிக்கொண்டு.

நாலரை வருஷத்தில் பெரிய தையல் மூன்று தடவை. பாதத்து முள்ளுக்குக் கணக்கே இல்லை. தினமும் சாயங்காலம் நாலு காலையும் விரித்துப் பார்க்கிறேன், விரலிடுக்கில் ஒடிந்த முனை இருந்தால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் பாதத்தை வைத்திருந்து முள்வாங்கியால் எடுத்துவிடுகிறேன். விட்டால் ஒரு வாரத்தில் சீழ் கட்டி நொண்டும். முள் வெளியே வர எருக்கம்பால் வை என்று சொல்வார்கள், நாய் நக்கிவிடும், அது விஷம், வைக்கவே வைக்காதீர்கள். தையல் போட்டால் வாயை வைத்துப் பிரித்துவிடும், அதற்குக் கடையில் கிடைக்கிற கழுத்துக் கூம்பு இந்த நீள மூக்குக்குப் பத்தாது. பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வட்டமாக வெட்டி மாட்டியிருக்கிறேன்.

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். மயக்கம் கொடுக்கும் முன் இது ஓட்ட நாய் என்று மருத்துவரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், எடை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தயோபென்டோன் மாதிரிப் பழைய மருந்துகள் கொழுப்பில்லாத இந்த உடம்பை விட்டு இறங்க ரொம்ப நேரம் எடுக்கும். முதல் தடவை ஓர் இடத்தில் இதைக் கவனிக்காமல் ஊசி போட்டுவிட்டார்கள், மறுநாள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு நான் பட்டது போதும். இப்போது பார்க்கிற மருத்துவர் தானாகவே கேட்டுத் தெரிந்துகொண்டு அளவைப் பார்த்துக் கொடுக்கிறார்.

கடற்கரையில் வேறு இரண்டு கவலை. வலை உதறும்போது கரையில் வீசிப்போகிற விஷமுள்ள பேத்தை மீனைத் தின்றால் நாய் பிழைப்பது கஷ்டம், அதனால் வலை இழுக்கிற நேரத்தில் கயிறு இல்லாமல் விடுவதே இல்லை. அப்புறம், ஆமை கரையேறி முட்டையிடுகிற மாதங்களில், தை மாசி பங்குனி, மணலில் குழி தோண்டுகிற நாயைக் கடற்கரையில் அவிழ்த்துவிடுவது பாவம். முயல் வேட்டைக்கு நாய் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம், மாட்டினால் பேசிப் பயனில்லை.

இவ்வளவு சொல்கிறாயே, பிறகு ஏன் வைத்திருக்கிறாய் என்றால், நான் எதிர்பார்க்காத ஒன்று இவளிடம் இருந்தது. அமைதி. நாய் என்றால் ராத்திரி முழுக்கக் குரைக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில் இங்கே பனை ஓலை ராத்திரி முழுக்கச் சலசலக்கும், தெரு நாய் எல்லாம் அதற்குக் குரைத்தே ஓயும், இவள் தலையைக்கூடத் தூக்க மாட்டாள். குரைத்தாள் என்றால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும், நிச்சயம் ஏதோ இருக்கிறது. நாலரை வருஷத்தில் ஒரு தடவை பட்டிக்குள் நல்லபாம்பு, ஒரு தடவை ஆட்டைத் தூக்க வந்த ஆள். அம்மா கடைசி ஆறு மாதம் படுக்கையில் இருந்தபோது கட்டிலுக்கு அடியில் சத்தமே இல்லாமல் கிடந்தாள். சாப்பாட்டுக்கும் வெளியே போவதற்கும் மட்டும்தான் எழுந்தாள். யாரும் பழக்கவில்லை.

ஓட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் வற்றின அதிகாலையில் ஈர மணலில், முள்ளே இல்லாத அந்த ஒன்றரை மைலில், இவள் ஓடுவதைப் பார்க்கிறபோது கால் நாலும் ஒரு கணம் மண்ணிலேயே இருக்காது. கட்டுமரத்துக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

மாப்ள, இப்போது உனக்கு. நீ இருப்பது வாலிநோக்கத்துப் பக்கம், வீட்டைச் சுற்றி உப்பளமும் கருவேலமும்தான். கன்னியும் வேண்டாம், சிப்பிப்பாறையும் வேண்டாம். நாய்தான் வேண்டும் என்றால் தெருவில் பிறந்த நல்ல பெட்டைக் குட்டி ஒன்றை எடுத்து ஊசி போட்டு வளர்த்துக்கொள், அதற்கு முள்ளைத் தெரியும். இவள் ஓடுவதைப் பார்த்தால் தொண்டை அடைக்கும் என்று மேலே எழுதியதும் நிஜம், வாங்காதே என்று இங்கே சொல்வதும் நிஜம். இரண்டு நாளாக வாளியை மாட்டிக்கொண்டு நிலைப்படியில் இடித்து இடித்து நடக்கிறாள், ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

வியாழக்கிழமை தையல் பிரிக்கிறார்கள். அதற்கு முன்னால் எத்தனை தடவை கேட்டாலும் என் பதில் இதுதான்.