ஃப்ரீக்கனாமிக்ஸா, அண்டர்கவர் எகனாமிஸ்ட்டா?

பாடப்புத்தகத்தைத் தொடாமல் பொருளியல் பழக நினைப்பவர்களிடம் பலரும் முதலில் நீட்டுவது, 2005இல் வந்த லெவிட், டப்னர் இருவரின் ‘ஃப்ரீக்கனாமிக்ஸ்’. கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது, உண்மைதான். சுமோ மல்யுத்தக் கதை ஒன்று போதும். 15 பந்தயங்களில் 8 வென்றால்தான் வீரரின் தரவரிசை உயரும். 7 வெற்றி, 7 தோல்வியோடு கடைசிப் பந்தயத்துக்கு வருபவர், ஏற்கெனவே 8 வென்றுவிட்டவரோடு மோதுகிறார். பழைய கணக்குப்படி பாதிக்குப் பாதி வாய்ப்பு; நடந்ததோ ஏறக்குறைய 80 சதவீத வெற்றி. அதே இருவர் அடுத்த முறை மோதும்போது இந்த வெற்றி விகிதம் 40 சதவீதமாகச் சரிகிறது. விட்டுக்கொடுத்ததற்குக் கைம்மாறு!

துப்பறியும் வேலை அபாரம். ஆனால் நாளைக்கு நமக்கு ஒரு கேள்வி வந்தால் இதை வைத்து என்ன செய்வது? லெவிட்டிடம் இருந்த புள்ளிவிவரம் நம்மிடம் இருக்காதே. அப்புறம், புத்தகத்தில் அதிகம் பேசப்பட்ட பகுதி, கருக்கலைப்பைச் சட்டம் அனுமதித்ததால் அமெரிக்காவில் குற்றங்கள் குறைந்தன என்ற வாதம். அதன் அடிப்படையான ஆய்வின் கணிப்பில் ஒரு பிழை இருந்ததை அதே 2005இல் வேறு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். லெவிட் பிழையை ஒப்புக்கொண்டார், முடிவை மட்டும் விடவில்லை.

டிம் ஹார்ஃபர்டின் ‘தி அண்டர்கவர் எகனாமிஸ்ட்’டில் இவ்வளவு பரபரப்பு கிடையாது. லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்துக் காபியில் தொடங்குகிறார். வாடகை அதிகம், அதனால் காபி விலை அதிகம் என்றுதான் நாம் நினைப்போம். அவர் அதைத் திருப்பிப் போடுகிறார்: அவசரத்தில் ஓடுபவர்கள் அந்த இடத்தில் கூடுதல் விலை கொடுக்கத் தயார்; அதனால்தான் இடத்துக்காரரால் அவ்வளவு வாடகை கேட்க முடிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ விளைநிலக் குத்தகைக்குப் போட்ட அதே கணக்கு. ஐபிஎம் தன் பிரிண்டரின் வேகத்தை ஒரு சிப் பொருத்திக் குறைத்து, மலிவு மாடலாக விற்ற கதையும் இதில் உண்டு. விலையைப் பொருட்படுத்தாத வாடிக்கையாளரையும் விலை பார்த்து வாங்குபவரையும் பிரிக்க நிறுவனங்கள் என்னவெல்லாம் செய்யும் என்று பிடிபட்டுவிட்டால், விமான டிக்கெட்டோ மென்பொருளோ நாமே யோசித்துக்கொள்ளலாம். இதனால் என் ஓட்டு இதற்குத்தான், நடுவே சில அத்தியாயங்கள் இழுத்தாலும்.

மூன்றாவது, 1993இல் வந்த லேண்ட்ஸ்பர்கின் ‘தி ஆர்ம்சேர் எகனாமிஸ்ட்’. சீட் பெல்ட் வந்ததும் ஓட்டுநர்கள் அசட்டையாக ஓட்டினார்கள், விபத்து கூடியது என்ற பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மனின் வாதத்தோடு ஆரம்பம். தர்க்கம் கத்தி மாதிரி. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் பல, சீட் பெல்ட் உயிர் காப்பதையே காட்டின. ஆகவே இவரோடு சண்டை போட்டுக்கொண்டேதான் படிக்க வேண்டும். சுற்றுச்சூழல் இயக்கத்தைச் சாடும் அத்தியாயத்தில் புத்தகத்தை வீசத் தோன்றும், எனக்கும் தோன்றியது.