காட்பாடிப் பக்கத்து மர வாடி: வாகை, புளிப் பலகை வாங்கலாமா?

அறுவையில் குறை சொல்ல இடமில்லை. பேண்ட் சா (பட்டை ரம்பம்) பிளேடு மழுங்குவதற்குள் மாற்றிவிடுகிறார்கள். அதனால் அகலப் பலகையிலும் நடுவில் அலை விழுவதில்லை. 2 அங்குலம் கேட்டால் இரண்டேகால் அறுத்துத் தருகிறார்கள். சுருக்கத்துக்கும் இழைப்புக்கும் அந்தக் கால் அங்குலம் வேண்டும்.

உலர்த்தலில்தான் சிக்கல். வேலூர் வெயிலில் பச்சைப் பலகையைப் போட்டால் மேல்பக்கம் காய்ந்து இறுகும், உள்ளே ஈரம் நிற்கும்; பிறகு வெடிப்பும் கோணலும் வரும். இங்கே கொட்டகை நிழல் உண்டு. பலகைகளுக்கு நடுவே காற்றோட, ரீப்பர் கட்டைகளையும் ஒன்றரை அடிக்கு ஒன்றாக, ஒன்றுக்கு நேர்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். ஆனால் முனைகளுக்கு மெழுகு பூசுவது அறுத்துச் சில நாள் கழித்துத்தான். அதற்குள் முனை வெடித்துவிடுகிறது. எனவே நீளத்தில் அரை அடி கூட்டி எடுங்கள். அதற்கும் காசு கேட்பார்கள், பேசிக் குறைக்கலாம்.

‘காய்ந்த சரக்கு சார்’ என்பதை நம்பாமல் மாய்ஸ்சர் மீட்டர் (ஈரம் அளக்கும் கருவி) கொண்டுபோங்கள். ஊசியை முனையில் குத்தாதீர்கள், அங்கே எப்போதும் குறைவாகவே காட்டும். பலகையின் நடுவில் குத்துங்கள். ஈரம் 12 சதவீதம் என்றால் மேசைக்கு எடுக்கலாம், ஏ.சி. அறைக்கு இன்னும் குறைய வேண்டும். 18 என்றால் நிழலில் மேலும் சில மாதம் கிடக்கட்டும். காய்வதற்கு ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு.

வாகையின் வெளிறுப் பகுதியில் (பட்டையை ஒட்டிய வெளிர் மரம்) பொடிமாவு கொட்டினால் உள்ளே வண்டு. எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். புளியில் கரும் வைரம் (உள்மரம்) ஓடும் பலகை நல்ல அழகு, ஆனால் கடினம் என்பதால் இழைப்பவர்தான் திட்டுவார். ஏற்றுக்கூலி தனி.