கிணற்றடிக்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர்

தேவிபட்டினம் பக்கம் அரை ஏக்கர் முண்டு மிளகாய் எனக்கு. மழை நின்றதும் கிணறுதான் கதி. தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் பேனா அளவு டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கினேன். கடலோர விவசாயி எவருக்கும் தயங்காமல் சொல்வேன். மோட்டார் போடும் முன் 850 காட்டும் தண்ணீர், ஒரு மணி நேரம் இறைத்தால் 1,900. இங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது; ஒரேயடியாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். ஊற்றில் சிரட்டையால் மெல்ல அள்ளும் அம்மாவுக்கு இது மீட்டர் இல்லாமலே தெரியும்! இப்போது இருபது நிமிடத்தில் நிறுத்திவிடுகிறேன். இலை நுனி கருகுவது குறைந்திருக்கிறது.

ஒரு குறை: மூடி மாட்டும் இடத்துக்கு மேல் முக்கினால் உள்ளே தண்ணீர் போய்விடும். என் முதல் மீட்டர் அப்படித்தான் போனது, கடையில் மாற்றித் தரவில்லை. அப்புறம், கிருமி இருந்தால் இது காட்டாது. குடிதண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.